தரையோர அலாரம்

அலாரம் கத்தியபோது லவோன் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தலையணை உறையை மணலில் போட்டுவிட்டு ஓடினாள்.

அவர்கள் குடியிருந்த வீட்டுவண்டிக்குள் அவள் கணவன் எல்டன் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தான். கையில் காலிக் கோப்பை. வாசல்படிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பதித்திருந்த சின்னப் பெட்டி சிவப்பாக மின்னி மின்னி அலறியது. அடுப்பெரிக்கும் புரோப்பேன் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அலாரமும் தரையோரம்.

அவள் அடுப்பின் மூன்று திருகுகளையும் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தன. எல்டனின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். ஜெனரேட்டரை நிறுத்தினாள். வண்டியின் வயிற்றிலிருந்த சிறு கதவைத் திறந்து கேஸ் டாங்க்கின் வால்வை மூடினாள். மறுபடி உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தாள். பிறகு இருவரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து சத்தம் ஓயக் காத்திருந்தார்கள்.

"நான் அடுப்பைத் தொடல," என்றான் எல்டன்.

உள்ளே லேசாக அழுகிய முட்டை நாற்றம் இருந்தது. கசிந்தால் தெரியட்டும் என்று கேஸில் கலக்கும் நாற்றம் அது. அந்த நாற்றத்தோடு வாதாட முடியாது.

செப்டம்பரில் ஐடஹோவில் ஒரு முகாமில் இது ஒருமுறை நடந்துவிட்டது. அன்று மழை. அவன் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய்ப் படுத்துவிட்டான். ஜன்னல் வழியாக வந்த காற்றில் தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. லவோன் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். அலாரம்தான் எழுப்பியது. மகள் டெனீஸிடம் அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. டெனீஸ் போனில் அழுதாள். பிறகு மூன்று பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இன்னொரு தடவை எல்டன் கேஸைத் திறந்து விட்டால் வண்டியை விற்றுவிடுவது. டூசானில் டெனீஸ் வீட்டுக்குப் பக்கத்தில் ஞாபகம் தப்பியவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. எல்டனுக்கு அங்கே ஓர் அறை. லவோனுக்கு டெனீஸ் வீட்டின் பின்னறை. எல்டனும் தலையாட்டினான். டகோட்டாவில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கியிருந்தார்கள். கீழே சக்கரம் இருக்கும்போதே செத்துப்போக வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

இப்போது அந்த இன்னொரு தடவை வந்துவிட்டது.

அவள் அன்று டெனீஸைக் கூப்பிடவில்லை. சிக்னல் வேண்டுமென்றால் கல்மேட்டின் மேல் ஏற வேண்டும். கால் வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால் வலித்தது உண்மைதான்.

குளிர்காலம் முழுக்க அரிசோனாவின் அந்தப் பாலைவனத்தில் இதுபோல வீட்டுவண்டிகள் கிடக்கும். எல்லாம் வடக்கிலிருந்து குளிருக்கு ஓடிவந்த கிழங்கள். மணலில் சத்தம் வெகுதூரம் போகும். சாயங்காலம் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலிஸின் வண்டிக்கு முன்னால் வட்டமாகக் கூடியபோது, அலாரம் கத்தியது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயாக இருக்கும் என்றாள் ஒருத்தி. பாட்டரி இறங்கினாலும் கத்தும் என்றான் ஒருவன். யாரும் எல்டனைப் பார்க்கவில்லை. அதிலிருந்தே எல்லாரும் என்ன நினைக்கிறார்கள் என்று லவோனுக்குத் தெரிந்தது.

ஹாலிஸ் ஆரிகனில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மஃபின் என்று ஒரு கிழட்டு நாய் வைத்திருந்தான்.

"எங்க அலாரத்தைப் போன வருஷம் இவன்தான் கத்தவச்சான்," என்றான். "பெட்டிக்கு நேரா பின்புறத்தை வச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். முதல் நாள் பீன்ஸ் சாப்பிட்டிருந்தான்."

"பழியை நாய் மேல போடாத," என்றாள் அவன் மனைவி கோனி. "பீன்ஸ் சாப்பிட்டது ரெண்டு பேர்."

எல்டன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது.

மறுநாள் காலை ஹாலிஸ் திருப்புளியோடு வந்து பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினான். முதுகில் அச்சடித்திருந்த தேதியைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தான். இந்தப் பெட்டிகளுக்கு ஆயுள் உண்டு. ஆறேழு வருஷம் போனால் உள்ளே கேஸை மோப்பம் பிடிக்கும் சென்சார் செத்துப்போகும், பிறகு கத்த வேண்டியபோது கத்தாது, வேண்டாதபோது கத்தும் என்றான். இதன் ஆயுள் எப்போதோ முடிந்திருந்தது.

"பாலுக்குத் தேதி பார்த்து வாங்குற. இதுக்குப் பார்க்க மாட்டியா, லவோன்?"

அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். பெட்டிதான் கெட்டுப்போயிருக்கிறது. அவன் இல்லை.

அன்றே ஊருக்குள் போய்ப் புதுப் பெட்டி வாங்கி வந்தாள். அவளே மாட்டினாள். போன வசந்தத்தில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னதிலிருந்து எல்டனின் வேலைகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்து சேர்ந்திருந்தன. வண்டி ஓட்டுவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, கேஸ் நிரப்புவது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது, இன்ஜின் எண்ணெய். ஒவ்வொன்றையும் அவன் மறுக்காமல் விட்டுக்கொடுத்தான். சிலவற்றை விட்டதே அவனுக்குத் தெரியாது.

ஃபியூஸைப் பிடுங்கினாள். பழைய பெட்டியின் இரண்டு ஒயர்களையும் வெட்டினாள். எல்டன் டார்ச்சைப் பிடித்தான். வெளிச்சம் பெரும்பாலும் அவள் முகத்தில்தான் விழுந்தது.

"கறுப்போட கறுப்பு," என்றான்.

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். சும்மா சொன்னேன்."

ஃபியூஸைத் திரும்பப் போட்டாள். பெட்டி சற்று யோசித்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

சில நாட்கள் அமைதியாகப் போயின. அவள் நன்றாகத் தூங்கினாள். ஒரே தொல்லை, பாட்டரிகள் சார்ஜ் பிடிக்கவில்லை. கூரையில் சூரியத் தகடுகள் இருந்தும் சாயங்காலத்துக்குள் விளக்கு மங்கியது. பாட்டரி இறங்கக் கூடாது, இறங்கினால் அலாரம் கெட்டுவிடும் என்று அவள் காலையிலும் மாலையிலும் ஜெனரேட்டரை ஓட்டி சார்ஜ் ஏற்றினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் ஓட்டினாள். இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொளுத்துகிறாளே என்று ஹாலிஸ் கிண்டல் செய்தான்.

சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நாள். லவோன் கோனியின் பக்கத்தில் உட்கார்ந்து சோளரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். அலாரம் கத்தியது.

வட்டத்தில் பேச்சு நின்றது. எல்லாரும் அவள் வண்டியைப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எல்டன் வாசலில் தோன்றினான். அவனும் எல்லாரையும் பார்த்தான்.

அவள் போய் வால்வை மூடினாள். ஜெனரேட்டரை நிறுத்தினாள். உள்ளே அதே நாற்றம். அடுப்பின் மேல் கெட்டில் இருந்தது. திருகுகள் மூடியிருந்தன. அவன் மூடியிருப்பான். மூடுவதற்கு மட்டும் ஞாபகம் வந்திருக்கும்.

யாரும் நாயைப் பற்றிப் பேசவில்லை. கோனி ஒரு கிண்ணத்தில் பீன்ஸ் குழம்பும் ரொட்டியும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள்.

"புதுப் பெட்டி பொய் சொல்லாது, எல்டன்," என்றாள் லவோன்.

"நான் தொடல."

"கெட்டில் அடுப்பு மேல இருக்கு."

"கெட்டில் எப்பவும் அங்கதான் இருக்கும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் குரல் உயரும். பிறகு என்ன சண்டை என்பது அவனுக்கு மறந்துபோகும். கோபம் மட்டும் போகாது. பொருள் தெரியாத கோபத்தோடு அவன் வண்டிக்குள் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான்.

"ஞாபகம் வந்துடுச்சு. நான்தான்."

அவள் நிமிர்ந்தாள்.

"கெட்டிலை வச்சேன். மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஜன்னல் வழியா காத்து வந்து தீ அணைஞ்சு போச்சு. நான் போய்ப் படுத்துட்டேன்." ஸ்பூனைக் கீழே வைத்தான். "நீ சொல்றது சரிதான். நான்தான் செஞ்சேன்."

ஜன்னலுக்கு வெளியே பாலைவனம் வெளுத்துக் கிடந்தது. அங்கே மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன.

லவோன் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கஞ்சி இருந்தது. அதைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கல்மேட்டின் மேல் ஏறி டெனீஸைக் கூப்பிட்டாள். அப்பாவே ஒப்புக்கொண்டார் என்றாள். மழையைப் பற்றிச் சொல்லவில்லை. டெனீஸ், வருகிற சனிக்கிழமை வருகிறேன், அறைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீ தூங்கும்மா என்றாள்.

இறங்கி வந்ததும் லவோன் அடுப்பின் திருகுகளை இழுத்துப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். சமைக்கும்போது மாட்டுவாள். முடிந்ததும் பிடுங்கிக்கொள்வாள். நடக்கும்போது அவை பையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

எல்டன் மொட்டை அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எல்லாப் பல்லையும் புடுங்கிட்டியே. ஹாலிஸே பரவாயில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

அந்த வாரம் அவன் சட்டைகளைத் தானே மடித்துப் பையில் வைத்தான். வைத்ததை மறந்து எடுத்து மறுபடி மடித்தான். அவள் தடுக்கவில்லை. மடிக்கும்போது அவன் அமைதியாக இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்தாள். அதுவும் கேஸில் ஓடுவது. இனி தேவையில்லை என்று வெளியே போய் டாங்க் வால்வை இறுக்கி மூடினாள். மதியத்துக்கு ரொட்டியில் எதையாவது வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். எல்டனை ஹாலிஸ் குதிரைலாடம் வீசி விளையாடக் கூட்டிப்போயிருந்தான். அவள் ஜெனரேட்டரை ஓட்டித் தரையைத் துப்புரவாக்கினாள்.

தூசி உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்தியபோதுதான் அலாரம் கத்துவது கேட்டது.

அவள் கை கோட்டுப் பைக்குப் போனது. மூன்று திருகுகளும் இருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில் எல்டன் லாடத்தை ஓங்கிக்கொண்டு நின்றான். வால்வை மூடியது அவள் கை. குழாயில் கேஸே இல்லை.

அழுகிய முட்டை நாற்றம் மட்டும் இருந்தது.

வெளியே போவதற்காகப் படியில் கால் வைத்தாள். காலில் உறை மட்டும்தான். படியின் பலகை சுட்டது. குனிந்து கையால் தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறிவருகிற சூடு. அவள் போய் ஜெனரேட்டரை நிறுத்தினாள். திரும்பி வந்து, இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்க்காத அந்தப் பலகையைத் தூக்கினாள்.

கீழே இரண்டு பாட்டரிகள். ஒன்று பக்கமெல்லாம் வீங்கி, வெந்த ரொட்டிபோல உப்பியிருந்தது. உள்ளே ஏதோ சீறிக்கொண்டிருந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது.

அவள் கூப்பிட்டதும் ஹாலிஸும் எல்டனும் வந்தார்கள். ஹாலிஸ் அவர்களை விலகி நிற்கச் சொன்னான். எல்லா ஜன்னலையும் திறந்து நன்றாகக் காற்றோடவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் கையுறை போட்டுக்கொண்டு ஒயர்களைக் கழற்றினான். மூடிகளைத் திருகி உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வறண்ட பாட்டரிக்கு மேலும் மேலும் சார்ஜ் ஏற்றினால் அது இதே முட்டை நாற்றமுள்ள வாயுவைக் கக்கும் என்றான். அலாரத்துக்கு எந்த வாயு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

"நம்ம மூக்குக்கும் தெரியல பாரு. நான் நாயைச் சொன்னேன்." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "இது வெடிச்சிருக்கும், லவோன். கடைசியா எப்போ தண்ணி ஊத்தின?"

பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே டிஸ்டில்டு வாட்டர் என்று ஒட்டிய கேன் இருந்தது. நல்ல தண்ணீர் என்று அவள் அதைக் காபிக்கு ஊற்றித் தீர்த்திருந்தாள்.

எல்டன் வீங்கிய பாட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என் வேலை," என்றான்.

ஹாலிஸ் கையுறையைக் கழற்றினான். ஊரிலிருந்து வேறு பாட்டரி கொண்டுவருகிறேன், அதுவரை எதையும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

இருவரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருந்தது.

"அப்போ நீ இல்ல," என்றாள் லவோன். "நீ கேஸைத் திறக்கல, எல்டன். ரெண்டு தடவையும் நீ இல்ல."

"திறந்தேனே. ஞாபகம் இருக்கு."

"அது ஐடஹோ. மழை பெஞ்சது ஐடஹோவுல. இங்க ஏது மழை?"

அவன் யோசித்தான். அவள் காத்திருந்தாள். அவன் யோசிக்கும்போது இடையில் பேசக் கூடாது. பேசினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அப்போ நான் சொன்னபோதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

பொய் சொல்லலாம். நாளைக்குள் மறந்துவிடுவான்.

"களைப்பா இருந்துச்சு," என்றாள்.

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கும்," என்றான்.

மத்தியானம் அவள் கல்மேட்டில் ஏறி டெனீஸைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலையில் இருப்பாள். பாட்டரி என்று செய்தி அனுப்ப நினைத்தாள். எழுதினால் ஏதோ சாக்குபோல இருந்தது. அழித்துவிட்டு இறங்கினாள்.

டெனீஸ் மறுநாள் வந்தாள். விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன. லவோன் அவளைப் படிக்குக் கூட்டிப்போய் பாட்டரியைக் காட்டினாள். ஹாலிஸ் போட்ட புதுப் பாட்டரிகள். பழையது வண்டிக்கு அடியில், ஒரு தகரத்தின் மேல். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். மழையையும் சொன்னாள்.

டெனீஸ் எல்லாவற்றையும் கேட்டாள். வீங்கிய பாட்டரியைக் காலால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ அப்பா ஒண்ணும் பண்ணல."

"பண்ணல."

"அப்போ வேண்டாமாம்மா? நான் சொல்லிடறேன் அவங்ககிட்ட. அறையை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. அதுக்கு நிறைய பேரு காத்துக்கிட்டிருக்காங்க."

இருவரும் எல்டனைத் தேடினார்கள். உள்ளே இல்லை. நாற்காலியில் இல்லை. டெனீஸின் காரில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பெல்ட் போட்டிருந்தான். சட்டைப் பை மடியில் இருந்தது.

லவோன் போய்க் கதவைத் திறந்தாள்.

"இறங்கு. போக வேண்டாம். டெனீஸும் சொல்லிட்டா."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாட்டரிக்குத் தண்ணி ஊத்தறது ஒரு வேலையே இல்ல. நான் கத்துக்கறேன்."

"கத்துப்ப." அவன் முன்கண்ணாடி வழியாக வண்டிகளின் வரிசையைப் பார்த்தான். "அப்புறம் நான் வேற எதையாவது மறப்பேன். அதையும் கத்துப்ப. நீ எல்லாத்தையும் கத்துக்கிட்டே இருக்க, லவோன். எப்போ தூங்குவ?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெனீஸ் கொஞ்சம் தள்ளி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை.

"இன்னைக்கு எனக்குத் தெளிவா இருக்கு," என்றான் எல்டன். "நாளைக்கு இருக்குமான்னு தெரியல. தெளிவா இருக்கும்போதே போயிடறேன். நாளைக்கு வந்து கேட்டா மாட்டேன்னு சொல்லுவேன். சண்டை போடுவேன். உங்க ரெண்டு பேரையும் அடிக்கக்கூடச் செய்வேன்."

"எல்டன்."

"அதுவுமில்லாம, இந்த பெல்ட்டைப் போட்டுட்டேன். எப்படிக் கழட்டறதுன்னு தெரியல."

அவள் குனிந்து பார்த்தாள். பெல்ட்டின் சிவப்புப் பொத்தான் அவன் தொடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரலால் அழுத்தினால் போதும்.

அவள் அழுத்தவில்லை. முன்கதவைச் சாத்தினாள். பின்கதவைத் திறந்து ஏறி, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சீட்டில் டெனீஸின் பிள்ளைகள் சாப்பிட்ட பிஸ்கட் தூள் கிடந்தது. டெனீஸ் வந்து காரில் ஏறினாள். உங்க வீடு பூட்டவே இல்லையேம்மா என்றாள். ஹாலிஸ் பூட்டிக்கொள்வான் என்றாள் லவோன். தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மணல் பாதை முடிந்து தார்ச்சாலை வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.